தெள்ளுக் காய்ச்சலுக்கு ஒரு விலாசம்

"விலாசத்தைச் சொல்லுங்க முதலாளி" என்று ஆஸ்பத்திரி கிளாக்கர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கும் அலவிக்கு உடம்பு கொதித்தது. பாதி காய்ச்சல், பாதி கோபம். சற்றுமுன்தான் டாக்டர் அவர் வயிற்றிலிருந்த சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, இது எலி மேலிருக்கும் தெள்ளுப் பூச்சியால் வரும் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார். தெள்ளு கடித்த இடத்தைச் சொறிந்தால் அதன் எச்சத்திலுள்ள கிருமி உள்ளே போய்விடுமாம். நாலு நாள் வார்டில் படுத்து மருந்து விழுங்கினால் சுகமாகிவிடும். அதெல்லாம் சரி. ஆனால் வீட்டுக்குச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா ஆளோடு வந்து, எலி வளை, கட்டில், மெத்தை ஒன்று விடாமல் தெள்ளைக் கொல்லும் வெள்ளைத் தூள் அடிப்பாராம். தெருவே கூடி நின்று பார்க்கும்.

"தெள்ளு என்ட ஊட்டுலயா? என்ட ஊட்டு நெலத்துல சோத்தக் கொட்டித் திங்கலாம், தெரியுமா?"

"அதை டாக்டர்ட்ட சொல்லுங்க. எனக்கு விலாசம் போதும்."

மகள் லரீபாவுக்கு ஹாலிஎல ஊர்த் தேயிலை வியாபாரி ஹுமைத்தின் மகன் புவாதைப் பேசி முடித்து, நாள் குறிப்பதுதான் பாக்கி. இந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டில் தெள்ளு என்று ஊர் பேசினால் கலியாணம் அவ்வளவுதான். ஏதாவது பொய் விலாசம் சொல்லித் தப்பலாமென்று அலவி வாயைத் திறந்தார். மூன்று மாதமாகக் கடிதம் எழுதிப் பழகிய ஒரே விலாசம்தான் அந்தக் காய்ச்சல் மண்டையில் இருந்தது. அதுவே வாயில் வந்து விழுந்தது.

பகல் கஞ்சி கொண்டு வந்த மனைவி றஷீதா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

"சம்மந்திட விலாசத்தயா குடுத்த? ஒங்களுக்கு மூளை கீளை ஈக்கா?"

"காய்ச்சல்ல கெடக்கிற மனிசன இப்படியா ஏசுற?"

அவள் நேரே கிளாக்கரிடம் போனாள். "அது எங்கட ஊடு இல்ல."

"அப்ப உங்கட வீடு எங்க?"

அவளுக்கும் மானம் இருக்கிறதே. வெலிமடையிலுள்ள தங்கை ஸித்தி ஸுபைதாவின் விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். கிளாக்கர் பழையதை வெட்டவுமில்லை. ரெண்டு இடத்திலும் அடிக்கட்டும் என்று இரண்டையும் பி.எச்.ஐ.க்கு அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஸுபைதா வந்து அலவியின் கட்டிலருகே நின்றாள்.

"என்ட ஊடு என்னா எலிப் பொந்தா மச்சான்? உருளைக்கெழங்கு மூட்டை மேலயெல்லாம் தூளக் கொட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு ஹாலிஎலக்கும் போறாங்களாம்."

அலவி எழுந்து உட்கார்ந்தார். "ஹுமைத் நானாவ நாளைக்கே வரச் செல்லு, றஷீதா. குடும்பத்தோட. அங்க கதவு பூட்டிக் கெடந்தா தூள் அடிக்கிறவன் திரும்பிப் போயிடுவான்."

டாக்டரை நச்சரித்து, வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி வாங்கிக்கொண்டு அன்று பின்னேரமே வீடு வந்தார். மறுநாள் காலையில் ஹுமைத் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வட்டிலப்பம் வந்தது, தேத்தண்ணி வந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஹுமைத். அலவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் வாசலில் ஜீப் நின்றது. பி.எச்.ஐ. ஐயா இறங்கினார். பின்னாலேயே தூள் பம்பைத் தோளில் தொங்கவிட்டபடி அவருடைய ஆள் மாரிசாமி.

"இந்த வீட்டுக்குத் தூள் அடிக்கணும்" என்றார் ஐயா.

அலவி பாய்ந்து கதவை மறித்தார். சம்மந்தி முன்னால் இப்படி மானத்தை வாங்க வந்துவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரம் பொங்கியது. "என்ன அநியாயம் இது? யாரு சென்ன இந்த ஊட்டுல தெள்ளுண்டு? காய்ச்சல் எனக்குத்தான், இல்லண்டு செல்லல்ல. ஆனா நான் இந்த விலாசத்தக் குடுக்கவே இல்ல. ஹாலிஎல ஹுமைத் நானாட விலாசத்தத்தான் குடுத்த!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. றஷீதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். புவாத் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தான். கலியாணப் பேச்சு அத்தோடு முறிந்தது என்று அலவிக்குத் தெரிந்துவிட்டது. ஹுமைத் கோபத்தோடு எழுந்து போவார் என்று பார்த்தால், அவர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரிசாமி சீட்டைத் திருப்பி ஒருதரம் படித்துப் பார்த்தான்.

"சும்மா சத்தம் போடாதீங்க முதலாளி. நீங்க குடுத்த ஹாலிஎல வீட்டுக்குப் பகலைக்கு மேலதாங்க போறோம். இந்த விலாசம், போன வாரம் இதே காய்ச்சலுக்குப் படுத்திருந்த ஹுமைத் முதலாளி குடுத்ததுங்க."