மேல் நட்டு முதலில்

கீழ் நட்டைக் கழற்றி, பழைய எண்ணெய் முழுவதும் தட்டில் வடிந்து முடிந்த பிறகுதான் நெவிலுக்கு உறைத்தது. மேல் நட்டை அவன் தொட்டே பார்க்கவில்லை.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஸ்பானரைப் போட்டு இழுத்தான். அசையவில்லை. எண்ணெய் ஊற்றுவதற்கு இருக்கும் வழியே அந்த மேல் நட்டுதான். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கு போட்டுக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இப்படிக் காலி வயிற்றோடு கிடந்தால் வண்டி பண்ணை வாசலைத் தாண்டாது. ‘மேல் நட்டு திறக்குதான்னு பார்த்துட்டுத்தான் கீழ் நட்டைத் தொடணும்’ என்று அந்த வட்டாரத்தில் ஒருவர் விடாமல் உபதேசம் செய்தவனும் இந்த நெவிலேதான்.

நிழலில் மனைவி பெரிலின் செருப்புகள் வந்து நின்றன.

“டேரன் போன் பண்ணினான். நம்ம ஜோலீனுக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சாம். கிளம்பலாமா?”

“எண்ணெய் மாத்தாம வழியில இருக்கற ஓடையில இறங்கச் சொல்றியா? போன மழையில உள்ள தண்ணி போயிருக்கு. தட்டைப் பாரு, பால் டீ மாதிரி இருக்கு.”

“நேத்து உனக்கு இது தெரியாதா?”

“நேத்து வேலி கட்டினேன்.”

“மக கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் கிளட்ச்சைக் கழட்டிப் போட்டே. நீ லாங்ரீச் டவுனுக்கு வந்து சேர்ந்தப்ப கேக்குகூட மிச்சமில்ல. முதல் பேரக் குழந்தைக்கும் அதே கதையா?”

நெவில் ஸ்பானரை இன்னும் பலமாக இழுத்தான். பதில் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அப்போது பக்கத்துப் பண்ணை க்ளாரி வந்து சேர்ந்தான். பக்கம் என்றால் அரை மணி நேர ஓட்டம்.

“என்னப்பா, மேல் நட்டா?” குனிந்து பார்த்துச் சிரித்தான்.

“வாயை மூடு.”

“மூடிட்டேன். எந்த எண்ணெய் ஊத்தப் போறே?”

“கெட்டி கியர் ஆயில்.”

“இந்த மாடலுக்கு அது ஆகாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துவாங்களே, சிவப்பு எண்ணெய், அதுதான். என்கிட்ட ஒரு கேன் இருக்கு. வெச்சுட்டுப் போறேன்.”

“தண்ணி மாதிரி இருக்கும், அதையா? உன் வண்டியில கடைசியா எப்ப மாத்தினே?”

“அதெல்லாம் மாத்தணுமா?”

இவனோடெல்லாம் பேசி என்ன பயன் என்று நெவில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுத்தியலை எடுத்து ஸ்பானரைத் தட்டினான். நட்டின் மூலைகள் மழுங்கின. நெருப்புக் காட்டினான். நட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே போன ரப்பர் குழாய்தான் உருகித் தொங்கியது. கடைசியில் உளியை வைத்து ஓங்கி அடிக்க ஆரம்பித்தான்.

அந்த இரைச்சலில் பெரில் குனிந்து ஏதோ சொன்னாள். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. நீண்ட நாள் புருஷனாக இருந்தவனுக்கு அது ஒரு தடையா? “சரி, சரி” என்றான். செருப்புகள் வீட்டுப் பக்கம் போயின. சற்றைக்கெல்லாம் க்ளாரியின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தொலைந்தான் என்று நெவிலுக்கு நிம்மதியாக இருந்தது.

உச்சி வெயிலில் நட்டு கழன்றது.

“பெரில்! வந்துடுச்சு!”

சமையலறையில் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. கோபமாக இருக்கிறாள் போலும். வீட்டில் இருந்த ஒரே கேன் கெட்டி எண்ணெயை பம்ப் வைத்து ஏற்றினான். ஏற்ற ஏற்ற நிறையவே இல்லை. முதுகு ஈரமான பிறகுதான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தான். கீழ் நட்டு அங்கே பத்திரமாக இருந்தது.

எண்ணெய்க் குட்டையில் அப்படியே கிடந்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

“பெரில், கேக்குதா?” சமையலறை ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “நீ பேச வேண்டாம், கேட்டா போதும். நேத்தே மாத்தியிருக்கலாம். பயமா இருந்துச்சு. ஜோலீன் ஆஸ்பத்திரிக்குள்ள வலியில துடிக்கிறப்ப நான் வெளிய கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவளுக்கு ஏதாவது ஆயிட்டா? ஸ்பானர் பிடிச்சா கை நடுங்கறது தெரியாது, அவ்வளவுதான்.”

ரேடியோவில் மாட்டுச் சந்தை விலை சொன்னார்கள்.

“க்ளாரியோட சிவப்பு எண்ணெயையே ஊத்தறேன். இப்பவாவது திருப்தியா?”

உள்ளே பாத்திரம் எதுவும் உடையவில்லை. பாதி மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான்.

கீழ் நட்டை முதலில் முடுக்கினான். மேல் துவாரத்தில் சிவப்பு எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை ஏற்றினான். மழுங்கிய நட்டை எப்படியோ திருகி, உருகிய குழாய்க்கு டேப் சுற்றினான். வண்டியை நகர்த்திப் பார்த்தான். சத்தமில்லை, சொட்டவும் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

வராந்தாவில் போன் அடித்தது.

“பெரில், போன்!”

அடித்துக்கொண்டே இருந்தது. காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தான்.

“மாமா, பொண்ணு!” மறுமுனையில் மருமகன் டேரன் கத்தினான். “ஜோலீனும் குழந்தையும் நல்லா இருக்காங்க!”

நெவில் படியிலேயே உட்கார்ந்தான். எண்ணெய் முகத்தில் கண்ணீர் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

“இரு டேரன், இதை நீயே உன் அத்தைகிட்ட சொல்லு. காலையிலேருந்து எங்கூட ஒரு வார்த்தை பேசல. நான்தான் மனசுல இருக்கறதையெல்லாம் கொட்டிக்கிட்டிருக்கேன். பெரில்! ஏ பெரில்!”

டேரனுக்குப் புரியவில்லை.

“அத்தை மத்தியானமே க்ளாரி வண்டியில இங்க வந்துட்டாங்களே மாமா, குழந்தை அவங்க மடியிலதான் தூங்குது.”