பதினேழு நாள் நிறுவனர்

உலகத்தில் எதையும் முடித்தவர்களைவிடத் தொடங்கிவைத்தவர்களே அதிகம். எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான்; "அது நான் போட்ட விதை" என்பான். அவன் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி யாராவது பார்த்ததுண்டா?

எங்கள் கபீலியா மலையில் இந்த இனத்துக்கு முக்ரான் என்று பெயர். அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது அவன் பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு. என் சித்தி மகள் தவூஸ் வயிற்றைத் தட்டிக்காட்டி, "பையன்தான். முக்ரான்" என்றாள். ஒன்றும் செய்யாமலே பேர் வாங்க அங்கேயே பழகிவிட்டான்.

எண்ணெய் ஆலைக்குப் பின்னால் நாலு பையன்கள் கிட்டாரும் தோல்பறையுமாக உட்கார்ந்து, ஊர்ப் பாட்டுகளைத் தேடியெடுத்து வாசித்து, 'திரிகை' என்று பெயர் வைத்துக்கொண்டு, ஓட்டை வேனில் கல்யாணம் கல்யாணமாக அலைந்து, ஒலிநாடா போட்டு, இசைத்தட்டு போட்டு, பாரிஸ் வரை போய்வர இருபது வருஷம் ஆயிற்று. அதில் முக்ரான் இருந்தது முதல் பதினேழு நாள். சுவரொட்டியில் தன் முகம் நடுவில் இல்லை என்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆனால் ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். குழுவைத் தூக்கிவிட்டதே அந்தப் பாட்டுதான். இசைத்தட்டில் 'இயற்றியவர் தெரியாது' என்று போட்டிருந்தார்கள். அது அவனுக்கு நெஞ்சில் முள். இருபது வருஷமாகக் காபிக்கடையில் கண் கலங்குவான்: "பாட்டுல வர்ற உவீஸா என் காதலி. ரெண்டாவது வரியில வர்றானே மெஸியான், அவன்தான் அவளைப் பறிச்ச பாவி." கேட்டவர்கள் இன்னொரு காபி சொல்வார்கள்.

இருபதாம் ஆண்டு விழா வந்தது. குழுத்தலைவன் ஊசின் இளகிப்போய், மேடையில் வைத்தே இயற்றியவர் பெயரை அறிவிப்பதாகச் சொல்லிவிட்டான். முக்ரான் என்னிடம் ஓடிவந்தான்.

"பெரியம்மா, இனி தட்டுல என் பேரு. நீங்க முன்வரிசையில இருக்கணும். உவீஸா அக்காவ மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

"ஏண்டா?"

"அவங்களுக்கு முட்டி வலி. அங்க நிறைய படி."

கூட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் அவன் மார்பில் கை வைத்து, "இது என் ரத்தத்துல எழுதின பாட்டு" என்றான்.

"ரத்தமில்ல தம்பி, மருதாணி" என்றாள் உவீஸா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "என் மருதாணிச் சடங்குல அத்தைமாருங்க பாடினது. நீ சுவத்துக்கு அந்தப் பக்கம் டேப்ப வச்சிக்கிட்டு நின்ன. கல்யாணத்துக்குக் கல்யாணம் பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு மாத்திப் பாடுவோம். திருடின நீ அதயாவது மாத்தியிருக்கலாம்."

பாவி மெஸியான் அவள் பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் குலவையிட்டார்கள். அந்தப் பாட்டையே எடுத்தார்கள், மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் முக்ரான் என்று போட்டு. ஆசைப்பட்டபடி பாட்டில் அவன் பெயர் ஏறியது. அந்த ஒரு தடவை. தட்டில் இன்றும் இயற்றியவர் தெரியாதுதான்.

நீங்கள் சிரிப்பது இருக்கட்டும். போன வாரம் எதைப் பற்றி "முதலில் சொன்னதே நான்தான்" என்றீர்கள்? அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள்?

முக்ரான் இப்போது பெஜாயா நகரத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே, மச்சான் நடத்தும் கைப்பேசிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.