இன்னும் ஒரு கால் சுற்று

வாசகரே, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற எதையும் அப்படியே விட்டுவைக்க முடியாத மனிதர்கள் என்றொரு இனம் உண்டு. பழுதான பொருள் இவர்களை ஈர்ப்பதில்லை. வீட்டுக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டினாலும் காதில் விழாது. ஒழுங்காக ஓடும் இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும், வேறு யாருக்கும் கேட்காத ஒரு சத்தம் இவர்களுக்குத் துல்லியமாகக் கேட்கும்.

திண்டிவனத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜீவேந்திரன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார் ஒன்றைத் தனக்கென்றுதான் வாங்கினார். அவர் ஓட்டினால் அது நேராக வேலிக்குள் போனது. மனைவி ப்ரியதர்ஷினி ஓட்டினால் சொன்னபடி கேட்டது. அன்றிலிருந்து ஓட்டுவது அந்த அம்மாள், மெக்கானிக் இவர். பதவியைக் கொடுத்தது யார் என்கிறீர்களா? இவரேதான்.

விழுப்புரம் புறவழிச்சாலைக்குப் பின்னால், பிளாட் போட்டும் விற்காமல் கிடந்த மனையில் மாதந்தோறும் இந்தக் கார்களுக்குப் பந்தயம். இரண்டு வருடமாக ஒவ்வொரு முறையும் போட்டோகிராபர் செல்வகுமாருக்கு அடுத்து இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்த ப்ரியதர்ஷினி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலைச் சுற்றுகள் மூன்றிலும் அவரை முந்திவிட்டார். மதியம் இரண்டு மணிக்கு இறுதிப் போட்டி. சாப்பிடப் போகுமுன் கணவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"ஏங்க, வண்டி நல்லா இருக்குது. தொடாதீங்க."

தொடுவேனா என்று கேட்டார் ஜீவேந்திரன். நான்கு நிமிடம் தொடவில்லை. அவர் வரலாற்றில் அது ஒரு சாதனை.

ஐந்தாவது நிமிடம் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டது. அது டிஃபரென்ஷியலில்தான் என்று அக்கணமே அவருக்குத் தெரிந்துபோனது. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் உட்பக்கச் சக்கரம் குறைவாகவும் சுற்ற வழிசெய்கிற பாகம் அது. இந்தக் காரில் அதற்குள் பல்சக்கரங்கள் கிடையாது. மிளகில் பாதி அளவுள்ள பன்னிரண்டு எஃகுக் குண்டுகள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க ஒரே ஒரு திருகு. அதிகம் இறுக்கினால் கார் வளையாது. தளர்த்தினால் உள்ளே வழுக்கும். நடுவில் சரியான இடம் ஒன்று உண்டு. காலையில் திருகு அங்கேதான் இருந்தது.

துண்டை விரித்துப் பிரித்துப் போட்டார். அந்த வழியாக வந்த செல்வகுமார் பார்த்துவிட்டு நின்றார். "அண்ணே, ஓடிக்கினு இருக்கிற வண்டிய எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்றார். சத்தத்தைப் பற்றி, வளையங்களின் வழவழப்பைப் பற்றி, ஓட்டத் தெரிந்தவர்களுக்கெல்லாம் உள்ளே இருப்பது தெரியாது என்பதைப் பற்றி ஜீவேந்திரன் கால் மணி நேரம் விளக்கினார். செல்வகுமார் ரொம்ப நல்ல மனிதர். குறுக்கே பேசவில்லை. கிளம்பும்போது கீழே கிடந்த ஸ்பேனரைக்கூட எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

குண்டுகளைத் துடைத்து எண்ணினால் பதினொன்று. மண்டியிட்டுத் தேடியதில் பன்னிரண்டாவது அவர் செருப்புக்கடியிலேயே மண்ணில் புதைந்து கிடந்தது. வேட்டி நுனியில் துடைத்து உள்ளே வைத்தார். கிரீஸ் தடவினார், பூட்டினார், திருகினார். இறுக்கமாகப் பட்டது, கால் சுற்று தளர்த்தினார். தளர்வாகப் பட்டது, கால் சுற்று இறுக்கினார். இப்படி ஏழு முறை. ஏழாவது முறை, புதிதாகப் பூட்டியதைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் படியவைத்து மறுபடி இறுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் ஒலிபெருக்கியில் ப்ரியதர்ஷினியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

முதல் இரண்டு சுற்றும் அவர்தான் முன்னால். மூன்றாவது சுற்றில், எல்லைக்கல் பக்கத்து வளைவில் காருக்குள்ளிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. மோட்டார் அலறியது, கார் நகரவில்லை. ஐந்து கார்கள் வரிசையாக அதைக் கடந்து போயின.

ப்ரியதர்ஷினி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

"நல்லாத்தான ஓடிக்கினு இருந்துச்சி?"

இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கியிருந்தால் சரியாகியிருக்கும் என்றார் ஜீவேந்திரன். அதை அவர் மனதார நம்பினார் என்பதுதான் கொடுமை.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டி ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ப்ரியதர்ஷினி நிதானமாகச் சொன்னார். "அடுத்த மாசம் நான் மட்டும் போறேங்க." ஜீவேந்திரன் தோற்றது பல முறை. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது அன்றுதான்.

மறுவாரம் அந்த அம்மாளே புதுக் குண்டுகள் வாங்கி டிஃபரென்ஷியலைப் பூட்டி, வாசலில் நாலு தடவை ஓட்டி, திருகை ஒருமுறை இறுக்கி, வழுக்குகிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, காரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த ஜீவேந்திரன் இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மறுமாதம் ப்ரியதர்ஷினி தனியாகப் போனார், முதலாவதாக வந்தார். அன்று மாலை கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஜீவேந்திரன் வெற்றியின் ரகசியத்தைச் சொன்னார்: "எல்லாம் நம்ம செட்டிங்தான்."

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் இவ்வளவு தூரம் படித்து வருகையில், எங்கேயாவது ஒரு வரியில், இந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்று போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், தயவுசெய்து அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள்.