பஞ்சுக் கொக்கு

மில் குளத்தில் ஒரு பறவைகூட இல்லை. ஜாபிர் கரையில் நின்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். தண்ணீருக்குள் மேற்கு மலை தலைகீழாகக் கிடந்தது. அதன் உச்சியிலிருந்து ஒரு மேகம் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் வந்த வேலை மறந்துபோயிற்று.

"ஏலே ஜாபிரு, கனவு கண்டது போதும்."

பின்னால் மேனேஜர் காசிராஜன் நின்றார்.

"செவ்வாக்கெழம பறவை எண்ணுறதுக்கு ஆபீசர் வாராரு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"கணக்கு நமக்குத் தோதா இருக்கணும். குளத்தங்கரையே கெதின்னு கெடக்கவன் நீதான, ஒம் பொறுப்பு. இல்லன்னா தூத்துக்குடி குடோனுக்கு மாத்திருவேன்."

காசிராஜன் எதையும் பாதிதான் சொல்வார். மீதியைக் கேட்டால் கோபம் வந்துவிடும். அதனால் ராஜபாளையம் ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில், மீதியை அவரவரே யோசித்துக்கொள்வது வழக்கம்.

ஜாபிரும் யோசித்தான். ஊரில் இப்போது எங்கே பார்த்தாலும் மரம் நடுகிறார்கள். பசுமை என்று பெயர் வாங்க முதலாளிக்கும் ஆசை வந்திருக்கும். அப்படியானால் குளம் நிறையப் பறவை வேண்டும்.

தூத்துக்குடி குடோனை அவன் ஒருமுறை பார்த்திருக்கிறான். நான்கு பக்கமும் தகரச் சுவர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை கிடையாது.

அன்றே கரை நெடுகக் கம்பும் பொரியும் இறைத்தான். காக்காய்கள் வந்தன. தின்று முடித்துவிட்டு, ஊரிலிருந்த மற்ற காக்காய்களையும் கூட்டி வந்தன. பொரி தீர்ந்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தன.

பஞ்சுத் தூசி கூட்டுகிற இசக்கியம்மாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"ஏன் தம்பி, எந் தூக்குச்சட்டியில இருந்த அவிச்ச முட்டையக் காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு. நீதான அவியள விருந்துக்குக் கூப்பிட்டது?"

"காக்காயும் பறவைதானக்கா."

"அப்ப ஆபீசர்கிட்ட அதையே காட்டு. காக்கா புடிக்கதுக்கு ஒரு பரிசு இருந்தாக் குடுப்பாரு."

பொரியை நிறுத்தினான். கொக்குக்கு மீன் வேண்டும் என்று தோன்றியது. மகாராஜபுரத்துப் பக்கம் போய் ஒரு கேன் நிறைய மீன்குஞ்சு வாங்கி, தண்ணீர் தளும்பத் தளும்ப வண்டியில் கொண்டுவந்து குளத்தில் விட்டான். அவை வெள்ளி ஊசிகள் போலக் கலைந்து ஓடுவதைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்ச நேரத்தில் வானம் வெள்ளையாகிவிடும் என்று நம்பினான்.

கொக்குக்கு முன்னால் செய்தி தொழிலாளர்களுக்குப் போய்விட்டது. ஷிப்ட் முடிந்தவர்கள் தூண்டிலோடு வந்து கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். வாட்ச்மேன் பழைய வேட்டியை வலையாக விரித்தார். குஞ்சு மீனில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், காற்று நன்றாக இருக்கிறது என்று அங்கேயே இருந்தார்கள். சீட்டுக் கச்சேரி தொடங்கியது. சத்தத்தில் காக்காய்களும் போய்விட்டன.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜாபிர் ஒரு மூட்டை வேஸ்ட் பஞ்சோடு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி சப்ரீன் தையல் மிஷினில் இருந்தாள்.

"சப்ரீன், கொக்கு தைக்கத் தெரியுமா?"

அவள் மிஷினை நிறுத்திவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்ச இல்ல. பொறவு என்னத்துக்கு இப்படிப் பேசுதீக?"

விஷயத்தைச் சொன்னான். தூத்துக்குடி என்றதும் அவள் வெள்ளைத் துணியை எடுத்தாள். பஞ்சைத் திணித்து, நூல் சுற்றும் காகிதக் கோனை நறுக்கி அலகு வைத்து, மூங்கில் குச்சியில் நிறுத்தினார்கள்.

"இது கொக்கா? தலகாணிக்கு மூக்கு மொளச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

"தூரத்துல இருந்து பாத்தாச் சரியா இருக்கும்."

"எம்புட்டு தூரம்? மதுரையில இருந்தா?"

விடியும் நேரத்தில் தைத்து முடித்த கொக்குகளையெல்லாம் குளத்தின் ஓரம் ஊன்றி வைத்தான். பனி தண்ணீரோடு ஒட்டி நகர்ந்தது. மில்லின் ஜன்னல் வழியாகத் தப்பி வந்த பஞ்சு இழைகள் காற்றில் மிதந்து, எங்கே இறங்குவது என்று முடிவு செய்யாமல் போய்க்கொண்டிருந்தன. கரையேறித் திரும்பிப் பார்த்தான். கொக்குகள் நின்றன. தானே தைத்தது என்பது மறந்து, அவை பறந்துவிடக் கூடாதே என்று மூச்சை அடக்கினான்.

அப்போது மலையிலிருந்து தூறல் வந்தது.

பஞ்சு தண்ணீர் குடித்தது. கழுத்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ஒரு கொக்கு அவனுக்கு வணக்கம் வைத்து அப்படியே நின்றுவிட்டது. ஆபீசர் வருவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட வேண்டும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். நிமிர்ந்து நின்ற ஒன்றைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அது பறந்தது.

ஜாபிர் முழங்காலளவு தண்ணீரில் அப்படியே நின்றான். பறந்த கொக்கு ஒரு வட்டம் அடித்துவிட்டு, தலை தொங்கிய ஒரு பஞ்சுக் கொக்கின் பக்கத்தில் போய் இறங்கியது. சற்றுப் பொறுத்து மீன்குஞ்சைக் கொத்தியது. வயல் பக்கமிருந்து இன்னும் சில வந்தன. அப்புறம் மாந்தோப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு கூட்டம். சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தன. எது தைத்தது, எது வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் அசையவில்லை. அவனையும் குச்சியில் நிறுத்தியது என்று நினைத்தோ என்னவோ, அவன் காலுக்குப் பக்கத்தில் ஒன்று வந்து நின்றது.

ஜீப் வந்தபோதுதான் கரையேறினான்.

ஆபீசர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. பக்கத்தில் காசிராஜன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கொக்கு ஏன் தலையத் தொங்கப் போட்டிருக்கு?" என்று கேட்டார் ஆபீசர்.

"நைட் ஷிப்ட் பாத்திருக்கும் சார்," என்று ஜாபிரின் வாயில் வந்துவிட்டது.

ஆபீசர் சிரித்தார். "இந்த மாதிரி எடத்தப் பாத்து எம்புட்டு நாளாச்சு. நான் எழுதிருதேன் சார். இனி இதுல ஒருத்தரும் கை வைக்க முடியாது."

காசிராஜன் கரையிலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குப் போன் போட எடுத்தவர், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று ஜாபிர் நினைத்தான். அவரைத் தொந்தரவு செய்யாமல், ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே ஜீப் பக்கம் வந்தான். டிரைவர் சமுத்திரம் பானெட்டில் சாய்ந்து கொக்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் ஜாபிர் பெருமையாக.

"நல்லாத்தான் இருக்கு பாய்," என்றார் சமுத்திரம். "ஆனா, பறவையே வராத குளம், மூடிட்டுக் குடோன் கட்டிக்கிடுதோம்னு எழுதிக் குடுத்து எங்கள வரச் சொன்னதே ஒங்க மொதலாளிதான?"