வந்துட்டு அண்ணாச்சியின் துரட்டி

செல்போனைக் கண்டுபிடித்தவன் எவனாகவும் இருக்கட்டும். அதற்கு நாடி பிடித்துப் பார்த்த முதல் மனிதர் எங்கள் சேரன்மகாதேவி உரக்கடை அண்ணாச்சிதான். இல்லை என்பவன் என்னிடம் வரட்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாலு லாரிக்கு முதலாளி. ஆளை எடைபோடத் தெரியாமலா இந்த இடத்துக்கு வந்தேன்?

தொண்ணூறுகளின் கடைசி. ஊரின் முதல் செல்போன் அவருடையது. டவரோ திருநெல்வேலியில். ஆற்றுப்பாலத்தில் மட்டும், மனசு வைத்தால், சிக்னல் எட்டிப்பார்க்கும். சிக்னல் வந்தால் ஒரு கீச், போனால் இரண்டு கீச் என்று போன் சத்தமிடும். முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியின் நுனியில் அதைக் கட்டி உயர்த்துவார். ஒரு கீச். “வந்துட்டு!” என்று கத்துவார். பேசுவதற்காகக் கீழே இறக்குவார். இரண்டு கீச். “போயிட்டு!” இப்படியே ‘வந்துட்டு அண்ணாச்சி’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

“பேச முடியாத போனு எதுக்கு வே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கா இல்லியான்னாவது இது சொல்லுதுல்லா? உம்ம வீட்டு போனு செத்துக் கிடந்தா உமக்குத் தெரியுமா வே?”

ஐப்பசி மழையில் தெரிந்தது. வாழைத்தார் ஏற்றி மலை தாண்டிப் போன என் லாரியையும் காணோம், அதை ஓட்டிப்போன மச்சினனையும் காணோம். மலைப்பாதையில் மண் சரிவு என்றார்கள். வீட்டு போன் செத்துக் கிடந்தது. மனைவி அழுதுகொண்டிருந்தாள். மச்சினன் உயிரோடு இருந்தால் அடுத்து அடிப்பது அண்ணாச்சி நம்பருக்குத்தான். ஊர் டிரைவர்கள் எல்லாருக்கும் அவர் அதைக் கொடுத்து வைத்திருந்தார்.

பாலத்துக்கு ஓடினேன். வெள்ளம் வருகிறதென்று போலீஸ்காரர் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி துரட்டியோடு அசையாமல் நின்றார்.

“ஒரு பய குரலு இதுல வரணும். அதுவரைக்கும் நவுற மாட்டேன். வேணும்னா நீரு போம்வே!”

துரட்டி உச்சியில் போன் மணி அடித்தது. இறக்கினார், லைன் அறுந்தது. ஒரு நிமிஷம் யோசித்தார்.

“போனு கீழ வரக் கூடாது. நாமதான் மேல போவணும். குனியும்வே!”

குனிந்தேன். போனைத் துரட்டியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு என் தோளில் ஏறினார். உர மூட்டைக் கனம்! நாலு லாரி முதலாளியின் தோளில் ஆள் ஏறுவதைப் பார்த்துப் பாலமே சிரித்தது. சிரிக்கட்டும்!

ஒரு கீச். “வந்துட்டு! ஆடாதேயும்!” என் முடியைப் பிடித்துக்கொண்டார். மணி அடித்தது.

“ஏலே, எங்கன இருக்க? அடி ஒண்ணும் இல்லியே? பைய வா. ஒன் அக்கா கஞ்சி குடிக்காம கெடக்கா.”

இரண்டு கீச். என் தலைக்கு மேலிருந்து அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “போயிட்டு. ஆனா பய இருக்கான்வே.”

இன்று என் போனில் சிக்னல் போவதே இல்லை. ஆனாலும் அந்தப் பாலம் வந்தால் காரை நிறுத்தி, “வந்துட்டு!” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் தாண்டுவேன். பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். அண்ணாச்சி இருக்கிற இடத்துக்குக் கேட்டால் போதும்.