வைடு சாரும் ஒரே ஒரு அவுட்டும்

அமெரிக்கா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு பந்தை அவ்வளவு வேகமாக, அவ்வளவு தப்பான இடத்துக்கு அனுப்பக்கூடிய இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். நேரில் நாங்கள் அவரை 'சார்' என்போம். முதுகுக்குப் பின்னால் 'வைடு'. சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

தொண்ணூறுகளின் கடைசி. சன்னிவேலில் சாஃப்ட்வேர் தட்டிக்கொண்டிருந்த நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் லீக் ஒன்றில் ஒரு டீம் வைத்திருந்தோம். எங்கள் முதல் பிட்சர் கிரெக், பக்கத்து க்யூபிகிள்காரன், நன்றாகவே வீசுவான். ஆனால் ஆட்டம் முடியும் சமயத்தில் கை ஓய்ந்துவிடும். அப்போது இறங்குவதற்கென்று வேலியோரம் காத்திருக்கும் மாற்று வீச்சாளர்களுக்கு 'புல்பென்' என்று பெயர். எங்கள் புல்பென்னில் இருந்தது இரண்டே பேர். ஒருவனுக்குத் தோள்வலி. இன்னொருவனுக்குப் பேஜர். அது கூப்பிட்டால் ஆட்டத்தின் நடுவிலேயே ஆபீசுக்கு ஓடிவிடுவான். ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டங்களையெல்லாம் கடைசி நிமிஷத்தில் கோட்டைவிட்டோம்.

இந்த நிலைமையில்தான் எங்கள் கேப்டன் செந்தில், வேறொரு டீம் "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று கும்பிட்டு அனுப்பிவைத்த வைடைக் கூட்டிக்கொண்டு வந்தான். செந்திலுக்கு ஊர் பொள்ளாச்சி.

"வேகம் இருக்குதுங்க இவர்கிட்ட. டைரக்‌ஷன் நாம சொல்லிக் குடுத்துக்கலாமுங்க" என்றான்.

சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஏனென்றால் நான்தான் கேட்சர். அதாவது, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தைப் பிடிக்க வேண்டியவன். வைடு வந்த பிறகு பிடிக்கிற வேலை குறைந்துவிட்டது. ஓடிப்போய்ப் பொறுக்குகிற வேலைதான்.

மைதானத்துக்குப் பின்னால், எல் கமீனோ சாலையைப் பார்த்தபடி ஒரு இட்லிக் கடை இருந்தது. முதல் நாள் பிராக்டிஸில் அவர் போட்ட பந்து வேலியைத் தாண்டி அதன் பின்வாசலுக்குள் போய்விட்டது. கடைக்காரர் பந்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். பந்து முழுக்க மாவு.

"கிரைண்டர் ஓடிட்டிருக்கு சார். இதையும் சேர்த்து அரைக்கணுமா?"

வைடு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, மாவு கொஞ்சம் புளிப்பாக இருப்பதாகவும் சொல்லிவிட்டு வந்தார்.

ஆபீசில் அவர் டெஸ்டிங் ஆசாமி. மற்றவர்கள் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. அதே புத்தியோடு தன் வீச்சையும் ஆராய்ந்து, விடிந்தும் விடியாததுமாக எனக்கு போன் போடுவார்.

"சார், கண்டுபிடிச்சிட்டேன். பிராப்ளம் ஷூல இருக்கு."

அடுத்த வாரம் பெல்ட்டில் இருந்தது. அதற்கடுத்த வாரம், கடலிலிருந்து வரும் காற்றில். ஒரு வாரம் மூக்குக் கண்ணாடியில். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வீசினார். முழங்காலில் பூரி மாதிரி வீக்கத்தோடு வீடு திரும்பிய என்னைப் பார்த்து என் மனைவி, "நீங்க வெளையாடப் போறீங்களா, அடிதடிக்குப் போறீங்களா?" என்றாள்.

ஒவ்வொரு பந்துக்கும் நான் திட்டுவேன். "சார், நான் இங்க உக்காந்திருக்கேன் சார்! பார்க்கிங் லாட்ல இல்ல!" என்று கத்துவேன். பவ்யமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பந்தையும் பார்க்கிங் லாட்டுக்கே அனுப்புவார்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் லீக்கிலிருந்து எங்களைத் தூக்கிவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மைதானமும் போய்விடும். கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் முன்னால் இருந்தோம். இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் போதும். அந்த நேரம் பார்த்து கிரெக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோள்வலிக்காரன் வரவே இல்லை. பேஜர் கூவியது, பேஜர்காரன் கார் சாவியைத் தேடினான்.

செந்தில் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "சார், நீங்க போங்க" என்றான்.

வந்த மூன்று மட்டைக்காரர்களுக்கும் எட்டாத இடத்தில் பந்து போட்டு, மூன்று பேரையும் இலவசமாக நடக்கவைத்து, ஓடுகிறவர்கள் நிற்கும் முனைகளான மூன்று பேஸையும் நிரப்பினார். நான் எழுந்து போய், "என்ன சார் பண்றீங்க?" என்றேன்.

"என் கை கரெக்டாத்தான் சார் இருக்கு. இந்தப் பந்துதான் நடுவுல மனசு மாறிடுது."

நாலாவது ஆளின் விலாவில் விட்டார் ஒரு அடி. அடிபட்டவனும் இலவசமாக முதல் பேஸுக்கு நடக்க, மற்றவர்கள் ஒவ்வொரு பேஸாகத் தள்ளிப்போய், அவர்களுக்கு ஒரு ரன். வைடு ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த ஆளோடு கூடவே நடந்து, விலாவைத் தடவிக் கொடுத்து, "டூ யூ ஹேவ் எனி தைலம் அட் ஹோம்?" என்று விசாரித்தார். அம்பயர் தொண்டை கிழியக் கத்தித்தான் அவரைத் திருப்பி அழைக்க வேண்டியிருந்தது.

அடுத்த பந்து என் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் பறந்தது. முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்த மரத்தடுப்பில் மோதி, பந்து திரும்பி வந்து என் காலடியில் விழுந்தது. மூன்றாவது பேஸில் நின்றவன், ரன் எடுக்கத் தொடவேண்டிய ஹோமை நோக்கி, அதாவது என்னை நோக்கி, பறந்து வருகிறான். வைடும் ஓடி வருகிறார். எதற்கு? என்னிடம் ஸாரி சொல்ல! கோபத்தில் பந்தை அவர் மேலேயே எறிந்தேன். பயந்துபோய்க் கையுறையால் முகத்தை மறைத்தார். பந்து அதற்குள் போய் உட்கார்ந்தது. ஓடி வந்தவன் ஹோமைத் தொடுவதற்குள் நேராக அந்தக் கையுறையில் மோதி விழுந்தான். பந்துள்ள கையுறை பட்டால் ஆள் காலி.

அவுட். ஜெயித்துவிட்டோம்.

எல்லோரும் அவரைத் தூக்கப் போனால், அவர் அம்பயரிடம் போய்க்கொண்டிருக்கிறார். "இது செல்லாது சார். நான் அவரை அவுட் பண்ணலை. அவராத்தான் வந்து இடிச்சாரு." செந்தில் அவர் வாயைப் பொத்தி, காருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான்.

டாட்காம் கம்பெனிகள் சரிந்தபோது அவருக்கும் வேலை போயிற்று. டெக்ஸாஸில் வேறு வேலை கிடைத்து, பேர்லேண்டில் வீடு பார்த்தார். எங்கள் வீட்டில்தான் வழியனுப்பு விழா. கதவைத் திறந்தால், யார் யாரோ வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு நிற்கிறார்கள். எல்லோரும் வெவ்வேறு சீசன்களில் அவர் பந்தால் அடி வாங்கியவர்கள்! ஒவ்வொருவருக்கும் மறுநாளே போன் செய்து, வலி போகும்வரை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விலாக்காரன் குடும்பத்தோடு வந்திருந்தான். எலுமிச்சை சாதத்தை இரண்டு தட்டு சாப்பிட்டான்.

சில மாதம் கழித்து பேர்லேண்டிலிருந்து போன் வந்தது. அங்கேயும் ஒரு டீமில் சேர்ந்துவிட்டாராம்.

"கேட்சர் எப்படி சார்?" என்றேன்.

"நல்ல பையன்தான். ஆனா திட்டவே மாட்டேங்கறான் சார். எங்க போட்டாலும் 'குட் ட்ரை, குட் ட்ரை'ங்கறான். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று என் மனைவி கத்துவது காதில் விழுந்தது. அதை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் மனசு நிறையும்வரை திட்டிவிட்டுத்தான் போனை வைத்தேன்.