அழுக்கைப் பார்வையிட வந்த குழு

பேருந்துகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் தரை முழுவதும் கிரீஸ் இருக்கும். இது தெரியாதவர்கள் அனேகமாக உலகத்தில் இல்லை. இருந்த சிலர் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள்.

அந்தப் பணிமனையில் பேருந்தின் அடிப்பாகத்தையும், அது நிற்கும் பள்ளத்தையும், சுற்றியுள்ள தரையையும் கழுவுபவள் பிரஷ் அக்கா. பதினெட்டு வருடங்களாகப் பச்சைத் தண்ணீர், சோப்புத்தூள், கம்பி பிரஷ். வலது தோளில் வலி வந்து டாக்டரிடம் போனாள். அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு மாசம் இப்படியே தேய்ச்சீங்கன்னா, தலை வாரிவிட ஆள் தேடணும்" என்றார்.

ஃபோர்மேன் அன்றே தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். வெந்நீரை வேகமாகப் பீய்ச்சியடிக்கும் மெஷின் ஒன்று கடைகளில் கிடைக்கிறது, கிரீஸ் வெண்ணெய்போல் உருகி ஓடும், நின்றபடியே கழுவலாம், ஒன்று வாங்கித் தந்தால் நல்லது. நான்கு வரிதான்.

நான்கு வரிக்குப் பதினோரு பக்கத்தில் பதில் வந்தது. 'உயர் அழுத்த வெந்நீர்க் கழுவு இயந்திரக் கொள்முதல் பரிசீலனைக் குழு' அமைக்கப்பட்டிருந்தது. வெந்நீர், அழுத்தம் ஆகிய இரண்டும் ஒரே சமயத்தில் தேவைதானா என்பதைக் குழு முதலில் ஆராய விரும்பியது. அதன்படி ஒரு மாதம் வெந்நீர் மட்டும். கேன்டீனிலிருந்து வாளியில் வரும். வந்து சேரும்போது குடிக்கிற சூட்டில் இருக்கும். அடுத்த மாதம் அழுத்தம் மட்டும். தோட்டக் குழாயின் வாயைப் பிரஷ் அக்கா கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். இரண்டும் தனித்தனியே போதவில்லை என்று அறிக்கை போயிற்று. போதாத இரண்டைச் சேர்த்தால் போதாமை இரட்டிப்பாகிவிடுமே என்று கணக்குப் பிரிவு அஞ்சியது.

இடையில் ஆலோசகர் ஒருவர் வந்தார். கணுக்கால் தெரியும் பேன்ட், சாக்ஸ் இல்லாத ஷூ. பள்ளத்தின் விளிம்பில் நின்று, "அழுக்கை நீங்க பிரச்சினையாப் பாக்குறீங்கம்மா. வாய்ப்பாப் பாருங்க" என்றார்.

"அப்படியா தம்பி? இந்தாங்க" என்று பிரஷை நீட்டினாள். அவர் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு குழுவே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. ஒரே தபாலில் இரண்டு கடிதங்கள். 'பணிமனையில் நிலவும் அழுக்கைக் குழு பார்வையிடும்' என்றது ஒன்று. 'குழுவின் வருகையை முன்னிட்டு வளாகம் முழுவதும் தூய்மையாக வைக்கப்பட வேண்டும்' என்றது மற்றது. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து.

பணிமனை மேலாளர் பொறுப்பானவர். இரண்டாவது கடிதத்தில் 'வேண்டும்' இருந்தது, முதலாவதில் இல்லை. பிரஷ் அக்கா இரண்டு நாள் தேய்த்தாள். மூன்றாம் நாள் குழுத் தலைவர் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கே அழுக்கு?"

"நேத்து இருந்துச்சு சார்" என்றார் ஃபோர்மேன்.

"நேத்து இருந்ததை நான் இன்னிக்கு எப்படிய்யா பார்க்கிறது?"

நியாயமான கேள்வி. 'அழுக்கு ஏதும் காணப்படவில்லை. தற்போதைய முறையே போதுமானது' என்று குறிப்பு எழுதப்பட்டது. பிரஷ் அக்காவுக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதை வாங்க இடது கையை நீட்டியதற்காக மேலாளர் முறைத்தார்.

ஃபோர்மேன் மறுபடி எழுதினார்: முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பாருங்கள். தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. 'திடீர்ப் பார்வை பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு' என்று பத்து நாள் முன்னதாகவே கடிதம் வந்தது. கார் ஏற்பாடு செய்ய வேண்டுமல்லவா?

இம்முறை ஃபோர்மேன் கடைசிப் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'மாதிரி அழுக்கு. தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டினார். பத்து நாள் யாரும் தொடவில்லை. பதினான்காம் தேதி தலைவர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கழுவினீங்களா?"

"இல்ல சார், உங்களுக்காகத்தான் வச்சிருக்கோம்."

"கழுவலைன்னா அழுக்கு இருக்கத்தானே செய்யும்? இதுக்கு மெஷின் என்ன பண்ணும்? ஆளைத்தான் கேட்கணும்."

ஆளைக் கேட்டார்கள். பாராட்டுச் சான்றிதழ் பெற்றவர் பணியில் மெத்தனம் காட்டியது ஏன் என்று விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதன் அடியில் ஒரு வழியும் சொல்லப்பட்டிருந்தது: கழுவிய பிறகும் போகாத அழுக்கு உண்டு என்பதைக் குழுவின் முன்னிலையில் நிரூபித்தால், கொள்முதல் பற்றி அன்றே முடிவெடுக்கப்படும்.

டாக்டர் சொன்ன மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஃபோர்மேன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, சும்மா பேருக்குத் தேய்ங்க. உயிரைக் கொடுக்காதீங்க. ஒரு மணி நேரம். மிச்சம் இருக்கிறது இருக்கட்டும். காரியம் முடிஞ்சுது."

"எனக்குத் தெரியாதா? என் தோளாச்சே" என்றாள்.

குழு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. மெக்கானிக்குகள் பின்னால் நின்றார்கள். பிரஷ் அக்கா பேருக்குத்தான் தேய்த்தாள். ஒரு மணி நேரம் ஆனது. தரையின் நடுவில் தோசைக்கல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு திட்டு, யாரும் மறுக்க முடியாதபடி, மிச்சமிருந்தது. ஃபோர்மேன் மூச்சு விட்டார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். "ஆக, இது போகலை."

"போகலை சார்" என்றார் ஃபோர்மேன்.

"சரி, வாங்கிடலாம். என்ன எழுதலாம்?" தலைவர் யோசித்தார். "'பதினெட்டு வருட அனுபவமுள்ள பணியாளராலும் இந்தக் கறையை அகற்ற இயலவில்லை.' சரியா இருக்கா?"

பிரஷ் அக்கா திட்டைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் சார். எழுதாதீங்க."

"ஏம்மா?"

"யாரு இயலலைன்னது? இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சா போயிடும்."

"அக்கா!" என்றார் ஃபோர்மேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் குனிந்துவிட்டாள். வலது கை சீக்கிரமே தளர்ந்தது. பிரஷை இடது கைக்கு மாற்றினாள். திட்டு சிறுத்து உள்ளங்கை அளவுக்கு வந்தது. அங்கே நின்றுகொண்டது.

"விட்டுடுங்கம்மா. இது உங்களால ஆகாது" என்றார் தலைவர் பரிவோடு. "இந்தப் பணிமனையில யாராலயும் ஆகாது போலிருக்கே."

மெக்கானிக்குகளில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். டீசல் நனைத்த துணியோடு உட்கார்ந்தார். இன்னொருவர் உப்புத்தாள் கொண்டுவந்தார். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, "அப்படி இல்லப்பா, வட்டமாத் தேய்க்கணும். நகரு" என்று அவரும் மண்டியிட்டார்.

தலைவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இடது பக்கம், இடது பக்கம்! அதோ ஒரு பொட்டு!"

பத்து நிமிடத்தில் தரையில் முகம் தெரிந்தது. தலைவர் எழுந்து நின்று கை தட்டினார். முன்பு எழுதத் தொடங்கியிருந்த வரியை அடித்துவிட்டு அதற்குமேல் எழுதினார்: 'இவ்வளவு திறமையான பணியாளர்கள் இருக்கும்போது இயந்திரம் தேவையற்ற ஆடம்பரம்.' உரக்கப் படித்தும் காட்டினார்.

பிரஷ் அக்காவால் கையூன்றி எழ முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். மறுத்துப் பேச வாயெடுத்த ஃபோர்மேன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். எல்லோருடைய முழங்காலும் ஈரமாக இருந்தது.